கரைமடியும் பாறைக்கரையும்: குமரிக் கடலோர மீன்பிடித் தொழிலின் வரலாறு குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

தென் திருவிதாங்கூர்த் திருச்சபையின் வரலாற்றை எழுதிய நம்மவர் பெரும்பாலும் மயிலாடியில் தொடங்கி, நாகர்கோவில், நெய்யூர், மார்த்தாண்டம் என உள்நாட்டு ஊர்களின் வழியாகவே செல்வர். வயலும் பனங்காடும் அவ்வரலாற்றில் உண்டு, பள்ளியும் அச்சகமும் மருத்துவமனையும் உண்டு, கடல் இல்லை. நெய்யூரிலிருந்து குளச்சல் கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. எனினும் அக்கரையில் நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் கிறிஸ்தவ மக்களின் தொழிலும் துயரமும் நமது திருச்சபை வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளைத் தாண்டி இடம்பெறுவது அரிது. நம் வரலாறு கடலுக்கு முதுகு காட்டியே எழுதப்பட்டுள்ளது எனில் அது மிகையாகாது.

இக்கட்டுரை அம்முகத்தைச் சற்றே திருப்ப முயல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பாறைக்கரையில் மீன்பிடித் தொழில் எவ்வாறு நடைபெற்றது, அது எத்தகைய சமுதாய அமைப்பை உருவாக்கியது, அவ்வமைப்பு எவ்வாறு சிதைந்தது என்பவற்றை முதலில் காண்போம். பின்னர் அவ்வரலாறு இறையியல் மாணவராகிய நமக்கு எழுப்பும் வினாக்களைச் சுருக்கமாக நோக்குவோம்.

1. நிலமும் கடலும்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே சரிந்து கடலில் இறங்கும் இடமே குமரிக்கரை. ஆகவே இங்குள்ள கரை, சோழமண்டலக் கரையைப்போல நீண்ட மணல்வெளியாக அமையவில்லை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கரையில் மணலும் பாறையும் மாறி மாறி வருகின்றன. முட்டம், கடியப்பட்டணம் ஆகிய இடங்களில் பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. குளச்சலில் பாறைகள் அலையின் வேகத்தைத் தணிப்பதால் அது பழங்காலந்தொட்டே இயற்கைத் துறைமுகமாக விளங்கிற்று. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், கடியப்பட்டணத்தை அடுத்து வள்ளியாறும், மணக்குடியில் பழையாறும் கடலில் கலக்கின்றன. ஆற்று நீர் கொண்டுவரும் சத்தும், பாறை இடுக்குகள் தரும் புகலிடமும் இக்கடலை மீன்வளம் மிக்கதாக்கின.

கரையின் இவ்வமைப்பே தொழிலின் அமைப்பையும் வகுத்தது. மணற்பாங்கான இடத்தில் வலையை இழுக்கலாம். பாறை உள்ள இடத்தில் இழுத்தால் வலை கிழியும். எனவே மணல் உள்ள இடம் கரைமடிக்கு உரியதாயிற்று; பாறை உள்ள இடம் தூண்டிலுக்கும், கூட்டுக்கும், மூழ்கிச் சிப்பி எடுப்போர்க்கும் உரியதாயிற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக்கரையில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் கரையில் நின்று மடி இழுப்பது இயலாது. காற்று தணிந்து கடல் அமைதியுறும் மாதங்களே கரைமடியின் காலம்.

2. கரைமடி

உள்ளூர்ப் பேச்சில் கரமடி என வழங்கும் கரைமடி, பலர் கூடிச் செய்யும் தொழில். நடுவில் பை போன்ற மடியும், அதன் இருபுறமும் நீண்ட இறக்கைகளும், இறக்கைகளின் முனையில் நெடிய கயிறுகளும் கொண்டது இவ்வலை. ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் நிற்போர் பிடித்துக்கொள்ள, வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் செல்லும். மீன் கூட்டத்தைச் சுற்றி அரைவட்டமாக வலையை இறக்கியபின், மறுகயிற்றின் நுனியைத் தொலைவிலுள்ள மற்றோர் இடத்தில் கரைசேர்க்கும். பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் ஒரே சீராக இழுப்பர். இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். இறுதியில் மடி கரையேறும். நெத்திலி, சாளை, அயிலை, வாளை முதலிய மீன்கள் பலவும் அதில் கலந்து கிடக்கும். பிரித்தெடுக்கும் வேலை அதன் பின்னரே தொடங்கும்.

இத்தொழிலில் கருதத்தக்க செய்திகள் மூன்று. முதலாவது, கரைமடியைத் தனியொருவர் இழுக்கவியலாது. பல பத்துப் பேர் தேவை. கடலுக்குச் செல்லும் வலிமை இழந்த முதியவரும், இன்னும் கடலுக்குச் செல்லாத சிறுவரும் கயிற்றைப் பிடிக்கலாம்; பிடித்தவர்க்குப் பங்கு உண்டு. இரண்டாவது, மடி இழுக்கத் தகுந்த மணற்பரப்பு குறைவாகவும் மடிகள் பலவாகவும் இருந்தமையால், இன்று இவர், நாளை அவர் என முறை வகுத்துக்கொள்வது இன்றியமையாததாயிற்று. கடல் எவருக்கும் சொந்தமன்று என்பதனால் அது ஒழுங்கற்றதாய் இருக்கவில்லை. ஊரார் வகுத்த ஒழுங்கு அதனை ஆண்டது. மூன்றாவது, கூலி என்பது இல்லை, பங்கே உண்டு. வலைக்கும் வள்ளத்திற்கும் ஒரு பகுதி போக, எஞ்சியது உழைத்தவர்க்குப் பிரிக்கப்பட்டது. பங்கின் அளவு ஊருக்கு ஊர் மாறினும், கிடைத்ததைப் பகிர்வதும் கிடைக்காத நாளின் இழப்பைப் பகிர்வதும் எங்கும் பொது வழக்கு.

ஆனால் இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது தவறு. மடிக்குச் சொந்தக்காரர் சிலரே. கயிறு இழுப்போர் பலர். வலையும் வள்ளமும் வாங்கக் கடன் கொடுத்த வணிகர், பிடிபடும் மீனைத் தமக்கே விற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினர். கரையில் நடைபெறும் ஏலத்தில் விலையை நிர்ணயித்தவர் பெரும்பாலும் மீன் பிடித்தவர் அல்லர். பங்கு முறை கடற்கரையில் நீதியைக் காத்தது. அந்நீதி சந்தை வரை செல்லவில்லை.

3. பாறையை நம்பி வாழ்ந்தோர்

மடி இழுக்க இயலாத பாறைப் பகுதி வீணாகக் கிடக்கவில்லை. இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம், பாறைகளுக்கிடையே செல்வதற்கு ஏற்ற கலம். அலை கவிழ்த்தாலும் மூழ்காது. கரையேறியதும் கட்டவிழ்த்து உலர வைக்கலாம். கட்டுமரத்தில் ஒருவரோ இருவரோ சென்று பாறையோரத்தில் தூண்டில் இட்டனர். பாறைமேல் நின்றே தூண்டில் எறிந்தவரும் உண்டு. பாறை இடுக்கில் வாழும் சிங்கி இறாலைப் பிடிக்கக் கூடுகள் பின்னி இறக்கினர். பாறையில் ஒட்டி வளரும் பழுப்பு நிறச் சிப்பியை மூழ்கிச் சென்று பெயர்த்தெடுக்கும் தொழில் கடியப்பட்டணம், இனயம் முதலிய ஊர்களில் இன்றும் உண்டு. அலை பாறைமேல் மோதித் திரும்பும் இடைவெளியைக் கணித்து மூழ்கவேண்டிய அத்தொழிலில் கணக்குப் பிழைத்தால் உயிருக்கே ஆபத்து.

பெண்கள் கடலுக்குச் செல்வதில்லை. எனினும் தொழில் அவர்களையும் சார்ந்தே நின்றது. மீனைத் தலைச்சுமையாக உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டு சென்று விற்றவர்கள் அவர்களே. வலை பின்னுவதும், கருவாடு உலர்த்துவதும், கடன் வாங்குவதும் கொடுப்பதும், வீட்டின் பணத்தைக் கையாள்வதும் பெரிதும் அவர்கள் பொறுப்பாயிருந்தன. உள்நாட்டுக் கிறிஸ்தவரும் கடலோரக் கிறிஸ்தவரும் அன்றாடம் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் மீன்காரப் பெண்ணின் கூடைதான் என்று கூறினும் பொருந்தும். அச்சந்திப்பிலும் சாதி வேற்றுமை மறையவில்லை. மீன்வாடையைக் காரணம் காட்டி ஒரு சமுதாயத்தையே தாழ்த்தி வைத்த மனப்பான்மை, திருமுழுக்குப் பெற்றவர்களிடமும் நிலைத்திருந்தது என்பதை நாம் மறைத்தலாகாது.

4. கடலோரத்தில் கிறிஸ்தவம்

முத்துக்குளித்துறைப் பரவர் 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் கோவாவுக்கு வந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டிலேயே அவர்களிடையே பணியாற்றத் தொடங்கினார். 1544ஆம் ஆண்டின் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவ மக்களைச் சந்தித்தார். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். மொழியறியாத நிலையில், இத்துணை விரைவில் அளிக்கப்பட்ட திருமுழுக்கின் பொருள் யாது என்ற வினாவை நம் மரபினர் பலகாலும் எழுப்பியுள்ளனர். வினா நியாயமானதே. ஆயினும், அதே கடிதத் தொகுப்பில் உள்ள மற்றொரு நிகழ்ச்சியையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1544 ஜூன் மாதத்தில் வடுகர் படை குமரி முனைப்பகுதியைத் தாக்கிச் சூறையாடிற்று. மீனவ மக்கள் கரையைவிட்டுக் கடலிலுள்ள பாறைகளுக்குத் தப்பிச் சென்றனர். அங்கே உணவும் நீருமின்றிச் சிலர் மாண்டனர். செய்தி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு அவர்களை அடைய முயன்றார். எதிர்க்காற்றினால் தோணிகள் முன்னேற இயலவில்லை. பின்னர் அவர் தரைவழியாகவே சென்று அம்மக்களைக் கண்டார். அன்று தூண்டிலுக்கும் சிப்பிக்கும் களமான பாறையே புகலிடமும் சாவிடமும் ஆயிற்று. திரள் திருமுழுக்கை மட்டும் கொண்டு இக்கரையின் கிறிஸ்தவத்தை மதிப்பிடுவோர், ஆபத்தில் உடன் நின்றவரை மக்கள் மறக்கவில்லை என்னும் உண்மையையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

காலப்போக்கில் ஆலயம் கடற்கரை ஊரின் நடுவிடமாயிற்று. ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமை வழக்கமாயிற்று. பிடிபட்ட மீனில் ஒரு பங்கு ஆலயத்துக்குரியதாயிற்று. அதனைத் தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பங்குத்தந்தை ஆன்மிக வழிகாட்டியாகவும் வழக்குத் தீர்ப்பவராகவும் ஊர்த்தலைவராகவும் விளங்கினார். அரசாங்கம் எட்டிப் பாராத கரையில் திருச்சபையே அரசாயிற்று எனலாம். இதனால் மக்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அதே வேளையில் அவர்களது உழைப்பின்மேல் மற்றொரு சுமையும் ஏறியது.

5. துறைமுகமும் அரசும்

இக்கரையை அரசுகள் நோக்கியது மீனுக்காக அன்று, மிளகுக்காகவும் துறைமுகத்துக்காகவுமே. 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அதனை முறியடித்தார். சிறைப்பட்ட டிலனாய் என்னும் படைத்தலைவர் பின்னர்த் திருவிதாங்கூரின் படையைச் சீரமைத்தார். அப்போரில் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் ஏந்தி வரிசையாக நின்று, பெரும்படை நிற்பதுபோல் தோற்றமளித்தனர் என்பது வாய்மொழி மரபு. குளச்சலில் வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது. அரசனின் பெயரும் தளபதியின் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. துடுப்பு ஏந்தியவரின் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை.

சீர்திருத்தச் சபையின் வருகை இதற்குப் பின்னரே நிகழ்ந்தது. வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1818 முதல் சார்லஸ் மீட் நாகர்கோவிலை நடுவிடமாகக் கொண்டு இலண்டன் மிஷனெரி சங்கத்தின் பணியை விரிவுபடுத்தினார். பணி உள்நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே வேரூன்றியது. கடற்கரை மக்கள் ஏற்கெனவே கத்தோலிக்கராயிருந்தமையால் அங்கே பணிக்கு இடமில்லை எனக் கருதப்பட்டது. இவ்வாறு மாவட்டத்தின் கிறிஸ்தவம் இரண்டாகப் பிரிந்தது: உள்நாட்டில் பள்ளிக்கல்வியும் அதன் வழியே உயர்வும், கடலோரத்தில் தொழிலும் அதன் வழியே தேக்கமும். இப்பிரிவினை எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் அதனால் பயனடைந்தவர் யார், இழந்தவர் யார் என்று கேட்பது நம் கடமை.

6. இயந்திரமும் இழுவலையும்

1952இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி நார்வே நாட்டின் உதவியுடன் இந்தோ-நார்வேத் திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிற்று. அப்போது குமரிப் பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலேயே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. மீனவரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே திட்டத்தின் நோக்கம். ஆனால் உறைய வைத்த இறாலுக்கு வெளிநாடுகளில் பெரும் விலை கிடைத்தமையால், 1960களில் திட்டத்தின் திசை மாறிற்று. கடலடியை வாரி இழுக்கும் இழுவலைப் படகுகள் பெருகின. குமரி மாவட்டத்தில் குளச்சல் அவற்றின் முக்கிய இடமாயிற்று.

கரைமடியும் இழுவலையும் தோற்றத்தில் ஒத்தவை, இரண்டும் இழுக்கப்படுபவை. ஆயினும் வேறுபாடு பெரிது. கரைமடியின் எல்லை மனிதக் கையின் வலிமை. அதன் காலம் கடல் அனுமதிக்கும் காலம். இழுவலையை இழுப்பது இயந்திரம். அது குஞ்சும் முட்டையும் பாராது. கரையோரத்தில் இழுவலை ஓடியபோது கட்டுமரத்தார் விரித்த வலைகள் அறுந்தன. 1970களில் இரு தரப்பினருக்குமிடையே மோதல்கள் மூண்டன. இரு தரப்பிலும் நின்றவர்கள் ஒரே திருப்பலியில் கலந்துகொண்டவர்களே. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான பகுதி பாரம்பரிய மீனவர்க்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் 2001 முதல் 45 நாள்களும், 2017 முதல் 61 நாள்களும் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் விதிக்கப்பட்டது. முன்பு காற்றும் அலையும் விதித்த ஓய்வை இப்போது அரசாணை விதிக்கிறது.

மாற்று முயற்சிகளும் இருந்தன. முட்டத்தில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி பியேர் ஜில்லே, கரையிலிருந்தே அலையைக் கடந்து செல்லத்தக்க ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவரோடு சேர்ந்து வடிவமைத்தார். கரையோர ஏலத்தையும் கடனையும் மீனவரே நடத்தும் சங்கங்கள் தோன்றின. 1980இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றை ஒருங்கிணைத்தது. பங்கு முறையின் நீதியைச் சந்தைக்கும் நீட்டிக்க எடுத்த முயற்சி இது. மறுபுறம், நைலான் நூலும் வலை பின்னும் இயந்திரமும் வந்தபின் பெண்களின் வலைத்தொழில் மறைந்தது. அவர்களுக்கு ஈடு எதுவும் வழங்கப்படவில்லை.

7. மறையும் மணல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கடல்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. பின்னர் கடலுக்குள் வளைந்து நீளும் கல்லணைகள் அமைக்கப்பட்டன. மக்கள் அவற்றைத் தூண்டில் வளைவு என்று அழைக்கின்றனர். இவை சில ஊர்களைக் காத்தன. ஆனால் ஓரிடத்தில் மணலைத் தடுத்தால் அடுத்த இடத்தில் மணல் குறையும். மணல் குறைந்த இடத்தில் மடி இழுக்க இயலாது. கட்டுமரத்தைக் கரையேற்றவும் இயலாது. இயற்கை மணலை வைத்த இடத்திலும் மனிதன் பாறையை வைத்தான். கரைமடி இன்று அருகி வருவதற்கு மீன்வளம் குறைந்தது ஒரு காரணம். இழுப்பதற்கு ஆளின்மை மற்றொரு காரணம். கரையே இல்லாமற்போனது மூன்றாவது காரணம்.

1982 மார்ச் மாதத்தில் மண்டைக்காட்டில் மூண்ட மதக்கலவரமும், அதனையொட்டிய துப்பாக்கிச் சூடும், கடற்கரை யாருக்குரியது என்ற வினாவை இரத்தத்தில் எழுதின. 2004 டிசம்பர் 26இல் சுனாமிப் பேரலை குளச்சலையும் மணக்குடியையும் சூறையாடிற்று. மணக்குடிப் பாலமே பெயர்த்தெறியப்பட்டது. 2016இல் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தபோது கடலோர ஊர்கள் எதிர்த்து எழுந்தன. அத்திட்டம் அங்கே நிறைவேறவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடல் சென்ற பலரைத் திரும்ப விடவில்லை. இந்நிகழ்ச்சிகளின்போது உள்நாட்டுச் சபைகள் உதவிப்பொருள்களுடன் கடலோரம் சென்றது பாராட்டத்தக்கதே. ஆயினும், துயர் நேரும் நாளில் மட்டும் நினைவுக்கு வருவோரை அயலார் என்றுதான் சொல்லவேண்டும். உடன் அங்கத்தினர் என்று சொல்ல இயலாது.

8. வேதபாடத்தை மீண்டும் வாசித்தல்

புதிய ஏற்பாட்டின் மூலமொழி மூவகை வலைகளை வேறுபடுத்துகிறது. ஒருவர் வீசும் வீச்சுவலை ஆம்ஃபிபிளெஸ்ட்ரோன் எனப்படும் (மத். 4:18). டிக்டுவோன் என்பது வலைக்குப் பொதுப்பெயர். மத்தேயு 13:47இல் விண்ணரசுக்கு உவமையாக வருவதோ சகேனே, அதாவது இழுத்துக் கரைசேர்க்கப்படும் பெருவலை. நம் பழைய மொழிபெயர்ப்பில் மூன்றும் வலை என்றே அமைந்தமையால் இவ்வேறுபாடு வாசகர்க்குப் புலப்படுவதில்லை. ஆனால் கரைமடியைக் கண்ட குமரி மீனவர்க்கு அவ்வுவமையை விளக்கத் தேவையில்லை.

அவ்வுவமையில் பிரித்தெடுத்தல் எப்போது நிகழ்கிறது என்பது கருதத்தக்கது. வலை நிறைந்து, கரையேறி, இழுத்தவர்கள் அமர்ந்தபின்னரே அது நிகழ்கிறது. இழுக்கும்போது எவரும் பிரிப்பதில்லை. பிரிக்க முயன்றால் கயிறு தளரும், மடி கவிழும். நம் மாவட்டத்துக் கிறிஸ்தவமோ, வலை இன்னும் கடலில் இருக்கும்போதே பிரிக்கத் தொடங்கிற்று: கத்தோலிக்கர் எனவும் சீர்திருத்தச் சபையார் எனவும், உள்நாட்டார் எனவும் கடலோரத்தார் எனவும், இன்ன சாதியார் எனவும். இறுதி நாளுக்கு உரியதென்று உவமை ஒதுக்கி வைத்த வேலையை நாம் முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டோம்.

லூக்கா 5ஆம் அதிகாரத்தில் சீமோனின் தொழிற்கூட்டாளிகளைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று கொய்நோனோய் (5:10). ஐக்கியம் எனத் திருச்சபை கொண்டாடும் கொய்நோனியாவும் அதே வேரிலிருந்து பிறந்ததே. நற்கருணைப் பந்தியில் நாம் அறிக்கையிடும் உறவுக்குரிய சொல்லே, படகிலும் வலையிலும் பங்கு கொண்டோரைக் குறிக்கவும் வழங்கிற்று. கயிற்றைப் பிடித்த முதியவர்க்கும் சிறுவர்க்கும் பங்கு உண்டு என்ற கரைமடியின் நெறி, அச்சொல்லுக்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் விளக்கவுரை.

முடிவுரை

குமரிக்கரையின் மீன்பிடி வரலாறு நமக்கு மூன்று பணிகளை வைக்கிறது. ஒன்று, திருச்சபை வரலாற்றைக் கடலோரத்தையும் சேர்த்து மீண்டும் எழுதுதல். எழுதப்பட்ட ஆவணங்கள் குறைவாயினும், முறை வகுத்ததையும் பங்கு பிரித்ததையும் தம் கைகளால் செய்து அறிந்த முதியோர் இன்னும் உள்ளனர். அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் மறையும். இறையியல் மாணவர் தம் களப்பணியில் ஒரு பகுதியைக் கடலோரத்தில் செலவிடுவது நலம். இரண்டு, கரையும் கடலும் பொதுச்சொத்து என்ற நெறியை, சட்டத்திலும் திட்டத்திலும் காப்பதற்கு மீனவரோடு தோள்கொடுத்தல். இதில் சபைப்பிரிவு தடையாதல் கூடாது. மூன்று, சந்தையில் மீன் கூடையோடு அமரும் பெண்ணை விசுவாச சகோதரியாக ஏற்கும் மனத்தை நம் சபைகளில் வளர்த்தல்.

கரைமடியின் இரு அணியினரும் தொடக்கத்தில் வெகுதொலைவில் நிற்கின்றனர். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே வலையின் கயிறு. ஓர் அணி நின்றுவிட்டால் மற்ற அணியின் உழைப்பும் வீணாகும். உள்நாட்டுச் சபையும் கடலோரச் சபையும் தத்தம் கயிற்றைப் பிடித்தவாறே ஒன்றையொன்று நோக்கி நடக்கவேண்டிய காலம் இது.